குடித்துவிட்டாலும் ஃபாலோ-அப்புக்கு வாங்க

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்ந்த மனநல ஆய்வு நிலையத்தில், குடிநோய்ப் பிரிவில் சில வருஷம் வேலை பார்த்தேன். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணிப் படிப்பை முடித்துவிட்டு ஆய்வு உதவியாளராகப் போனவள். வார்டில் சேர்ந்தவர்களிடம் ஆய்வைப் பற்றி விளக்கி ஒப்புதல் வாங்குவது, கேள்வித்தாள் நிரப்புவது, டிஸ்சார்ஜ் ஆனபின் போன் போட்டு ஃபாலோ-அப்புக்கு வரச் சொல்வது, வராதவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது, இதுதான் வேலை. கடைசியாகச் சொன்னதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. நான் எழுதப்போவதும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

குடியை நிறுத்த வந்தவர்களில், மறுபடி குடித்தவர்கள்தான் முதலில் காணாமல் போவார்கள். போனை எடுக்க மாட்டார்கள். எடுத்தால் "ஊருக்கு வந்திருக்கேன் மேடம், திரும்பினதும் வரேன்" என்பார்கள், பின்னாலேயே "பாரீஸ், பாரீஸ்" என்று சென்னை பஸ் கண்டக்டர் கூப்பிடும் சத்தம் கேட்கும். அதற்கப்புறம் நம்பர் மாறிவிடும். வீட்டம்மா நம்பருக்குப் போட்டால் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, "என்னத்த சொல்றதும்மா" என்பார். அதிலேயே தெரிந்துவிடும். அந்த மனுஷனுக்கு நம்மேல் கோபம் ஒன்றும் இருக்காது. "நல்லா ஆயிட்டேன்" என்று எல்லோரிடமும் கைகொடுத்துவிட்டுப் போன இடத்துக்கு எந்த முகத்தோடு திரும்பிப் போவது என்கிற வெட்கம், அவ்வளவுதான்.

அவர்களுக்கும் அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும் நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். குடித்துவிட்டாலும் வாங்க. நேற்று ராத்திரி குடித்திருந்தாலும் இன்றைக்குக் காலையில் வாங்க. ஒரு கடு வார்த்தை சொல்கிற ஊழியர் எந்த ஆஸ்பத்திரியிலும் ஒருவர் இருவர் இருக்கத்தான் செய்வார்கள், அவர்களைத் தாண்டி உள்ளே வந்துவிடுங்கள். இந்த நோயின் இயல்பே திரும்பி வருவது. சர்க்கரை ஏறிவிட்டது என்பதற்காக யாரும் சர்க்கரை டாக்டரைப் பார்க்க வெட்கப்படுவதில்லை. குடியில் மட்டும் ஏன் தேர்வில் தோற்ற பையன் மாதிரி ஒளிந்துகொள்ள வேண்டும்?

ஆய்வு நடத்துகிறவர்கள் பக்கத்திலிருந்தும் இதைச் சொல்கிறேன். நூறு பேரைச் சேர்த்து, ஆறு மாதம் கழித்து அறுபது பேர்தான் வந்தார்கள் என்று வையுங்கள். வந்தவர்களில் பாதிப்பேர் குடிக்கவில்லை என்றால் "ஐம்பது சதவீதம் வெற்றி" என்று எழுதிவிடலாமா? வராத நாற்பது பேர் யார்? அதனால்தான் குடிநோய் ஆய்வுகளில் பல இடங்களில், வராதவரைக் குடித்தவராகவே கணக்கில் வைத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. ஆனால் அதுவும் முழு உண்மை ஆகாது. பெரும்பாக்கம் குடியிருப்பில் ஒருவரைத் தேடிப் போனேன். மாதக்கணக்காக ஒரு சொட்டும் தொடவில்லை அவர். வராத காரணம், "அந்த வார்டு வாசலைப் பார்த்தாலே பழசெல்லாம் ஞாபகம் வருது, என்னை அங்க வெச்சு யாரும் பார்க்கவும் வேணாம்" என்பதுதான். நல்லபடியாக இருப்பவரும் வரமாட்டார், விழுந்தவரும் வரமாட்டார். இரண்டு பேரையும் நேரில் பார்க்காமல் எந்த மருந்து வேலை செய்கிறது, எந்த ஆலோசனை வேலை செய்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?

விடாமல் தொடர்ந்து போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு இந்த ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 1981-ல் தொடங்கிய சென்னை நெடுங்கால ஆய்வில், முதன்முறையாக மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய்க்குச் சிகிச்சைக்கு வந்த 90 பேரைப் பத்து வருஷம், இருபது வருஷம், அதற்கும் மேலே தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். மனச்சிதைவு நோயாளிகளுக்காக டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தின் பெயர் உலகம் முழுக்கத் தெரிய இந்த ஆய்வும் ஒரு காரணம். மனச்சிதைவு வந்தால் வாழ்க்கையே முடிந்தது என்று நினைத்திருந்த காலத்தில், கணிசமானவர்கள் தேறி, வேலைக்குப் போய், குடும்பம் நடத்தினார்கள் என்று ஆதாரத்தோடு காட்டியது அது. வீடு மாறியவரை, பெயர் மாற்றிக்கொண்டவரை, கல்யாணமாகிப் போன பெண்ணை யாரோ ஒருவர் வெயிலில் அலைந்து கண்டுபிடித்ததால்தான் அந்தக் காகிதத்தில் எண்கள் ஏறின. அந்த அலைச்சல் எனக்குத் தெரியும் என்பதால் அந்த ஆய்வின் மேல் எனக்குத் தனி மரியாதை.

சரி, ஃபாலோ-அப்புக்கு வந்தால் என்னதான் கேட்பீர்கள் என்று பலருக்குப் பயம். முக்கியமான ஒரு முறையைச் சொல்கிறேன். ஒரு காலண்டரை மேஜைமேல் விரித்துவைத்து, கடந்த தொண்ணூறு நாளில் எந்தெந்த நாள் குடித்தீர்கள், எவ்வளவு குடித்தீர்கள் என்று பின்னோக்கிப் போவோம். உலகம் முழுக்க குடிநோய் ஆய்வுகளில் செய்வதுதான். "போன மூணு மாசத்துல எவ்வளவு குடிச்சீங்க" என்று மொட்டையாகக் கேட்டால் "அப்பப்போ கொஞ்சம்" என்றுதான் பதில் வரும். காலண்டரை வைத்துக்கொண்டு கேட்டால் கதையே வேறு. அதுவும் நம் ஊர் காலண்டர் இருக்கிறதே, அதில் பிடித்துக்கொள்ள இடம் நிறைய. ஆடி மாசம் தெருவில் கூழ் ஊற்றின ஞாயிற்றுக்கிழமை. ஆயுதபூஜை அன்று ஆட்டோ ஸ்டாண்டில் பொரிகடலை கொடுத்த பிறகு. சம்பள நாள், மச்சான் வீட்டு மஞ்சள் நீர், பக்கத்து வீட்டுப் பெரியவர் காரியம். கடை லீவு விட்ட நாட்களையும் முதலிலேயே குறித்துவிடுவோம். காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள். "அன்னிக்குக் கடை லீவாச்சேண்ணா, என்ன பண்ணீங்க?" என்று கேட்டால்தான், முந்தின நாளே வாங்கி வைத்தாரா, பிளாக்கில் வாங்கினாரா, இல்லை அன்றைக்குச் சும்மா இருந்துவிட்டாரா என்று வெளியே வரும். முந்தின நாளே வாங்கி வைத்தவருக்கும் சும்மா இருந்தவருக்கும் நோயின் ஆழம் வேறு.

இதில் இன்னொரு நல்லது நடக்கும், அதற்காகவே அந்தக் காலண்டர் எனக்குப் பிடிக்கும். "டிஸ்சார்ஜ் ஆனதுலேர்ந்து தினம் குடிச்சேன், எல்லாம் போச்சு" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பவரோடு நாள் நாளாகக் குறித்துக்கொண்டே போனால், தொண்ணூறில் ஐம்பத்தைந்து நாள் குடிக்காமல் இருந்திருப்பார். வார்டுக்கு வருமுன் அதே தொண்ணூறு நாளில் ஒரு நாள்கூட விட்டிருக்க மாட்டார். காசிமேட்டில் வலை வேலை செய்கிற ஒரு அண்ணன் அந்தக் காலியான கட்டங்களையே ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது நானா மேடம்?" என்றார். நீங்கள்தான் அண்ணா. அவர் மறைத்திருந்தால், இல்லை வராமலே இருந்திருந்தால், அந்த ஐம்பத்தைந்தும் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும், அவருக்கும் சேர்த்து.

வீட்டிலேயே இதைச் செய்யலாம். தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்துப் போடாமல் பின்பக்கம் குறித்துவையுங்கள், அல்லது மாதக் காலண்டரில் ஒரு கோடு. குடிப்பவரே குறிக்க வேண்டும், மனைவி குறித்தால் அது குற்றப்பத்திரிகை ஆகிவிடும். ஓ.பி.க்கு வரும்போது அதைக் கொண்டுவந்தால் டாக்டருக்கு ஐந்து நிமிஷத்தில் எல்லாம் புரிந்துவிடும். அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் ஐந்து நிமிஷம் கிடைப்பதே பெரிது என்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்து அளவு. "தினம் ஒரு குவார்ட்டர்தான், அதுக்கு மேல தொட மாட்டேன்" என்பதை எத்தனை பேர் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருப்பேன்! கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. டாஸ்மாக்கில் விற்கிற பிராந்தி, ரம், விஸ்கியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். எடையாக மாற்றினால் ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால். ஆய்வுகளில் 10 கிராமை ஒரு அளவு என்று வைத்துக்கொள்வது வழக்கம், ஆக ஒரு குவார்ட்டர் என்பது ஆறு அளவு. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'ஆடிட்' என்கிற பத்துக் கேள்வித் தாளில் மூன்றாவது கேள்வியே "ஒரே நேரத்தில் ஆறு அல்லது அதற்கு மேல் எத்தனை தடவை குடிக்கிறீர்கள்" என்பதுதான். அதாவது இவர் "அளவோடு" என்று நினைக்கிற அந்த ஒரு குவார்ட்டரே எச்சரிக்கைக் கோடு, அதைத் தினமும் தொடுகிறார். இரண்டு பேர் பங்கு போடுகிற கட்டிங் என்றால் மூன்று அளவு. ஐந்து சதவீத பீர் 650 மில்லி பாட்டில் இரண்டரை அளவு, ஸ்ட்ராங் பீர் எட்டு சதவீதம் என்றால் நான்கு. "பீர்தானே" என்பவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தத் தாளில் மொத்தம் 40 மதிப்பெண், 8 வந்தாலே யாரிடமாவது பேச வேண்டும், 20-ஐத் தொட்டால் அடிமை நிலைக்கு வந்திருக்க வாய்ப்பு அதிகம், டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இதைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது. வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவர் திடீரென்று ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. கார்த்திகை பிறந்தால் எங்கள் வார்டில் எனக்குப் படபடப்பாக இருக்கும். ஐயப்பனுக்கு மாலை போட்டு, பக்தியோடு, உண்மையான வைராக்கியத்தோடு நிறுத்தியிருப்பார். மறுநாள் காலையில் கை உதறும், வேர்த்துக் கொட்டும், தூக்கம் வராது. "சாமி சோதிக்கிறார்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார். அப்புறம் ஃபிட்ஸ். கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்தே நடுக்கம் தொடங்கலாம், ஃபிட்ஸ் வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும், இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத ஆள் தெரிவார், சுவரில் பூச்சி ஊர்வதாகத் தட்டிவிடுவார், இருக்கிற இடம் தெரியாது. அது பேயும் இல்லை, சாமி குற்றமும் இல்லை, உயிருக்கே ஆபத்தான நிலை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், 108-ஐக் கூப்பிடலாம். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கில் கடைகளை மூடியபோது இதையே ஊர் முழுக்கப் பார்த்தோம். சென்னையில் ஆகஸ்ட் 18 வரை கடை திறக்கவில்லை. முதல் வாரத்தில் வந்தவர்களில் பலரை வீட்டில் "வைரஸ் காய்ச்சல்" என்றே நினைத்திருந்தார்கள்.

மாலை போடுங்கள், தாராளமாகப் போடுங்கள். ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்னாடி டாக்டரைப் பார்த்து, நடுக்கத்துக்கும் ஃபிட்ஸுக்கும் மாத்திரை எழுதி வாங்கி, அதைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு போனால், விரதத்தையும் காப்பாற்றலாம், உயிரையும் காப்பாற்றலாம். "41 நாள் என்னால இருக்க முடியுதே, அப்போ நான் அடிமை இல்லையே" என்று கேட்பவர்களிடம் நான் வாதாடியதில்லை. அந்த 41 நாளில் எது உங்களைத் தாங்கியது என்று கேட்பேன். காலையில் குளியல், கூட ஒரு குழு, "சாமி" என்று எல்லோரும் கூப்பிடுகிற மரியாதை, செருப்பில்லாத கால், சாயங்காலம் பஜனைக்குப் போக ஒரு இடம். ஆயிரக்கணக்கில் பணம் கட்டி அனுப்புகிற மறுவாழ்வு இல்லத்தில் செய்ய முயல்வதும் கிட்டத்தட்ட இதைத்தான். அப்படியானால் மாலையைக் கழற்றிய மறுநாளுக்கு என்ன ஏற்பாடு? சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே போவீர்கள், யாரோடு இருப்பீர்கள்? அந்தக் கேள்விக்குப் பதில் இருப்பவர்கள்தான் பெரும்பாலும் தாக்குப்பிடித்தார்கள்.

தெருமுனை கிளினிக்கில் "சோர்வா இருக்கார், குளுக்கோஸ் ஏத்துங்க" என்று படுக்கவைக்கிற பழக்கம் இங்கே நிறைய. ஏற்றுவதற்குமுன் அவர் தினமும் குடிப்பவர் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். வருஷக்கணக்காகக் குடித்துச் சரியாகச் சாப்பிடாதவருக்கு உடம்பில் தயமின் என்கிற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அந்த ஊசி போடாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கலாம், கண் அசைவு தடுமாறலாம், நடை தள்ளாடலாம், ஞாபகசக்தி நிரந்தரமாகப் போகலாம். டாக்டருக்கு இது தெரியும். படுத்திருப்பவர் குடிப்பவர் என்பதுதான் டாக்டருக்குத் தெரியாது, ஏனென்றால் கூட வந்த அண்ணனோ மாமாவோ மானம் பார்த்து மறைத்திருப்பார்.

இன்னொரு மறைத்தல், இதைச் சொல்லாமல் விட முடியாது. "குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று பஸ் ஸ்டாண்ட் சுவரிலும் மின்கம்பத்திலும் விளம்பரம் ஒட்டியிருக்கும். எந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டாக்டர் எழுதித் தருகிற டைசல்ஃபிராம் மாத்திரையையே சில வீடுகளில் ரகசியமாகச் சாம்பாரில் கலந்துவிடுகிறார்கள். அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால், ஆல்கஹால் பாதியில் நின்று அசிட்டால்டிஹைடு என்கிற நச்சாகத் தேங்கும். முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து, இதயம் பலவீனமானவர் இறந்தும் போகலாம். தெரிந்து சாப்பிடுகிறவர் குடிக்காமல் இருப்பார், மாத்திரையின் பலனே அந்த அறிவில்தான் இருக்கிறது. தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம்போலக் கடைக்குப் போவார். நிறுத்தின பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேகம் உடம்பில் இருக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சில இருமல் சிரப்பிலும் டானிக்கிலும்கூட ஆல்கஹால் இருக்கிறது, கேட்டு வாங்க வேண்டும். மனைவிமார் இதைச் செய்வது எவ்வளவு நொந்துபோய் என்று எனக்குத் தெரியும். அடி வாங்கிய கையால்தான் கலக்கிறார்கள். ஆனாலும் வேண்டாம் அக்கா. அவரிடம் சொல்லி, அவர் சம்மதித்தபின், தினமும் காலையில் உங்கள் கண்முன் போடச் சொல்லுங்கள். பலன் அதில்தான்.

இப்போது ஆய்வில் சேரச் சொல்லிக் கேட்டால் என்ன பார்க்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். முதலில், எப்போது கேட்கிறார்கள் என்று பாருங்கள். கை நடுக்கத்தோடு, தேதி கிழமை தெரியாமல் படுத்திருப்பவரிடம் கையெழுத்து வாங்கக்கூடாது. தெளிந்து, நாலு வார்த்தை கோர்வையாகப் பேசுகிற நிலைக்கு வந்தபிறகுதான் கேட்க வேண்டும். 2017-ம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 99-வது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது, வெறும் நேர்காணல் எடுக்கிற ஆய்வாக இருந்தாலும் அவரே அறிந்து, சுதந்திரமாகச் சம்மதிக்க வேண்டும். படிவம் தமிழில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் முழுக்கப் படித்துக் காட்டி, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியை வைத்துக்கொண்டுதான் கைநாட்டு வாங்க வேண்டும். "இதெல்லாம் ஃபார்மாலிட்டி, கையெழுத்துப் போடுங்க" என்று யாராவது அவசரப்படுத்தினால் போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப்போய், படித்த பிள்ளை யாராவது இருந்தால் காட்டி, மறுநாள் சொல்கிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஒரு பிரதி கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ஆய்வை நடத்துகிற டாக்டரின் நம்பரும், ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கிற நெறிமுறைக் குழுவின் நம்பரும் இருக்கும், இல்லையென்றால் கேளுங்கள்.

சேரவில்லை என்றால் சிகிச்சை கிடைக்காதோ என்பதுதான் எல்லோர் மனதிலும் ஓடும். கிடைக்கும். பாதியில் விலகினாலும் கிடைக்கும். இதை நான் ஒவ்வொருவரிடமும் இரண்டு தடவை சொல்வேன், ஏனென்றால் வெள்ளைக் கோட்டு போட்டவர் கேட்டால் மறுக்கக்கூடாது என்று நம் ஜனங்கள் நினைக்கிறார்கள், "சரிங்க மேடம்" என்று தலையாட்டுவது சம்மதம் ஆகிவிடாது. அதனால் முடிவில் "நான் சொன்னதை உங்க வாயால எனக்குத் திருப்பிச் சொல்லுங்க ஐயா" என்பேன். "ரெண்டு குரூப்பாப் பிரிப்பீங்க, எந்த குரூப்புனு நீங்க முடிவு பண்ண மாட்டீங்க, கம்ப்யூட்டர் பண்ணும், எனக்குப் புடிக்கலைனா போயிடலாம்" என்று அவர் சொன்னால்தான் பேனாவைக் கொடுப்பேன்.

மருந்து ஆய்வு என்றால் இன்னும் கூடுதலாகக் கேட்க வேண்டும். ஒரு குழுவுக்கு மருந்து, இன்னொரு குழுவுக்கு அதே மாதிரி இருக்கும் மருந்தில்லாத மாத்திரை, கொடுப்பவருக்கும் தெரியாது வாங்குபவருக்கும் தெரியாது. "எங்களை ஏமாத்துறீங்களா" என்று கோபப்பட்டவர்கள் உண்டு. கோபம் நியாயமானதுதான், விளக்க வேண்டியது எங்கள் பொறுப்பு. குடியை விட உதவுவதற்காக இப்போது நீங்கள் போடுகிற நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் மாத்திரைகளும் இப்படித்தான் சோதிக்கப்பட்டு வந்தன. அமெரிக்காவில் 1,383 பேரை வைத்து நடந்து 2006-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் சுவாரஸ்யமான ஒன்று தெரிந்தது. மாத்திரையே இல்லாமல் ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட, மருந்தில்லாத மாத்திரையும் கூடவே மருத்துவப் பணியாளரோடு முறையான சந்திப்பும் கிடைத்தவர்கள் அதிக நாள் குடிக்காமல் இருந்தார்கள். திரும்பத் திரும்ப ஒருவர் கூப்பிட்டு "எப்படி இருக்கீங்க" என்று கேட்பதில் ஏதோ இருக்கிறது. போன் போட்டே ஓய்ந்தவள் என்ற முறையில் நான் இதை முழுசாக நம்புகிறேன்.

இந்தியாவில் மருந்து ஆய்வு எதுவாக இருந்தாலும் 2009 ஜூனிலிருந்து சி.டி.ஆர்.ஐ. என்கிற தேசியப் பதிவேட்டில் பதிவு செய்வது கட்டாயம். அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, வீட்டில் யாரையாவது இன்டர்நெட்டில் பார்க்கச் சொல்லுங்கள். ஆய்வினால் உடம்புக்கு ஏதாவது ஆனால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்பதும் விதி. போக்குவரத்துச் செலவு தருவார்களா என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். ஆவடியிலிருந்தோ கண்ணகி நகரிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருபவருக்கு அது தேவையான பணம்.

வீட்டாருக்கு ஒரு விஷயம். உங்களைத் தனியாகக் கூப்பிட்டு அவர் குடியைப் பற்றிக் கேட்பார்கள், அவரிடமும் தனியாகக் கேட்பார்கள். "அவர் என்ன சொன்னாரு, சொல்லும்மா" என்று கேட்காத மனைவி இல்லை. சொல்ல மாட்டோம். நீங்கள் சொன்னதையும் அவரிடம் சொல்ல மாட்டோம். சிலர் இதில் மனம் வருந்துவார்கள், "உனக்கு அவர்தான் முக்கியமா" என்று ஒரு அம்மா அழுதுவிட்டார். ஆனால் அந்த நம்பிக்கை உடைந்தால் அடுத்த தடவை அவர் எங்களிடமும் "குடிக்கலை மேடம்" என்றுதான் சொல்வார், வீட்டில் சொல்வதைப் போலவே. உண்மை சொல்ல ஒரு இடமாவது அவருக்கு இருக்கட்டும். வீடு தேடி வரும்போதும் தெருவில் யாராவது "யாரு, எங்கேர்ந்து" என்று கேட்டால் ஆஸ்பத்திரி பெயரைச் சொல்ல மாட்டோம். எப்படி வரலாம், யாரென்று சொல்லலாம் என்பதை டிஸ்சார்ஜ் அன்றே உங்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்வோம். அப்படிக் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவையுங்கள்.

கீழ்ப்பாக்கம் என்றாலே கேலியாகப் பேசி வளர்ந்த ஊர் இது. 1794-ல் தொடங்கி, 1871-லிருந்து இப்போதிருக்கிற இடத்தில் இயங்கும் அந்த மனநல ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லித்தான் பள்ளிக்கூடத்தில் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வோம். அந்தப் பேச்சுக்குப் பயந்தே எத்தனை குடும்பங்கள் வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டன! தேசிய அளவில் 2019-ல் வெளியான கணக்கெடுப்பில், குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. நம் ஊரில் ஆஸ்பத்திரி இல்லாமல் இல்லை. சென்னையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, கீழ்ப்பாக்கம் இருக்கிறது, 1980-லிருந்து குடிநோய்க்கென்றே நடக்கிற டி.டி. ரங்கநாதன் நிறுவனம் அடையாறு பக்கம் இருக்கிறது. நேரில் வரத் தயக்கம் என்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிட்டுத் தமிழில் பேசலாம். குடித்துவிட்டு "செத்துப்போறேன்" என்று சொல்வதைப் போதையில் உளறுகிறார் என்று விட்டுவிடாதீர்கள், குடியும் தற்கொலையும் சேர்ந்தே வருகிற விஷயம். முயற்சி செய்து பிழைத்தவர்மேல் வழக்கு வரும் என்று பயந்து ஆஸ்பத்திரியில் பொய் சொல்லவும் வேண்டாம். அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது என்று அதே 2017 சட்டம் 115-வது பிரிவில் சொல்கிறது.

கடைசியாக, ஆய்வு முடிந்தபின் என்ன ஆகும் என்பதைச் சேரும்போதே கேட்டுவிடுங்கள். இந்தக் கேள்வியை அநேகமாக யாரும் கேட்பதில்லை. ஆறு மாதம், ஒரு வருஷம் என்று மாத்திரை இலவசமாகக் கிடைக்கும், யாரோ ஒருத்தி மாதாமாதம் போன் செய்வாள், திடீரென்று ஒரு நாள் எல்லாம் நின்றுவிடும். அதற்கப்புறம் மருந்தை எங்கே வாங்குவது, எந்தக் கிழமை எந்த டாக்டர் ஓ.பி. பார்க்கிறார், அந்த மாத்திரை அரசு மருந்தகத்தில் கிடைக்குமா, வெளியே வாங்கினால் மாதம் எவ்வளவு ஆகும், நான் எந்த குழுவில் இருந்தேன், எனக்குக் கிடைத்தது மருந்தா இல்லையா என்பதை எப்போது சொல்வீர்கள், ஆய்வின் முடிவு என்ன என்று எங்களுக்கும் தெரிவிப்பீர்களா. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போய்க் கேளுங்கள். நல்ல ஆய்வாளர் என்றால் உட்கார்ந்து பதில் சொல்வார், சிலருக்கு இந்தக் கேள்விகளே புதிதாக இருக்கும், அவர்களும் யோசிக்கட்டும்.